சீனத்துத் தேநீர்க் கெண்டி

நம் இல்லத்திற்கு விருந்தினர் வருகின்றனர். தேயிலைச் சாற்றில் சீனி கலந்து, பீங்கான் கோப்பையில் ஊற்றி அவர்தம் முன் வைக்கிறோம். சில ஊர்களில் அதனையே சாயா என்போம். பீங்கான், தேயிலை, சாயா, சீனி ஆகிய இந்நான்கு சொற்களும் அன்றாடம் நம் நாவில் புரள்பவை. ஆயினும் அவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நெடும் பயணம் உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பையைக் குறிக்கும் ‘பிங்கான்’ என்னும் பாரசீகச் சொல்லே தமிழில் பீங்கான் ஆயிற்று. அதே சொல் அரபியில் ‘ஃபின்ஜான்’ எனவும், மலாயில் ‘பிங்கான்’ எனவும், சிங்களத்தில் ‘பிங்கான’ எனவும் வழங்குகின்றது. சீனத்தின் ஃபூஜியன் கடற்கரை மக்கள் ‘தே’ என்றதிலிருந்து தேயிலை வந்தது. ஏனைய பகுதியினர் ‘சா’ என்றதிலிருந்து சாயா வந்தது. சீனியோ சீனத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

எம் இல்லத்துப் பழைய மர அலமாரியில் பீங்கானாலான தேநீர்க் கலம் ஒன்று உண்டு. வெண்ணிறப் பரப்பில் நீலக் கொடிகள் ஓடும். கைப்பிடியில் மெல்லிய விரிசல். மூடியின் விளிம்பு சற்றே சிதைந்திருக்கும். மூன்று தலைமுறைகளுக்கு முன் வணிகத்தின் பொருட்டுக் கப்பலேறிய முன்னோர் ஒருவர் கொண்டுவந்தது என்பதற்கு மேல் அதனைப் பற்றி வீட்டில் எவருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் வந்து அதற்கு விலை கூறினார். அவ்விலை குறைவா, மிகுதியா என்று சொல்லக்கூட எம்மால் இயலவில்லை. எம் வீட்டுப் பொருளைப் பற்றி வெளியார் ஒருவருக்குத் தெரிந்த அளவுகூட எமக்குத் தெரியவில்லையே என்னும் வெட்கமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மூக்கும் கைப்பிடியும் மூடியும் உடைய இக்கலத்தை ஆங்கிலம் கற்றோர் டீபாட் என்பர். மூக்குள்ள நீர்க்கலத்திற்குக் கெண்டி என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டாதலின், ஈண்டு அதனையே கையாள்கிறோம். இக்கெண்டியின் வரலாற்றை ஆராயப் புகுந்த நமக்கு முதலில் புலப்பட்ட உண்மை இது: தேநீரை அருந்தும் முறை மாறிய போதெல்லாம் அதனை ஏந்தும் கலமும் மாறியிருக்கிறது. ஆகவே கலத்தைப் படிக்கத் தெரிந்தால் அதனைப் புழங்கிய மக்களின் வாழ்வையும் படித்துவிடலாம்.

அரபு வணிகர் கண்ட இரு புதுமைகள்

ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851இல் அரபு மொழியில் எழுதப்பட்ட நூல் ஒன்று உளது. சீனம், இந்தியா ஆகிய நாடுகளைப் பற்றிய செய்திகளைக் கூறும் அந்நூல், சுலைமான் என்னும் வணிகரின் பெயரோடு சேர்த்து வழங்கப்பெறுகின்றது. பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து கான்ஃபூ எனப்பட்ட குவாங்சௌ வரை மரக்கலமோட்டிய வணிகர்கள் கண்டும் கேட்டும் அறிந்தவை அதில் தொகுக்கப்பட்டுள்ளன.

அந்நூல் இரு புதுமைகளைக் குறிப்பிடுகின்றது. சீனர்கள் ஒருவகைத் தழையின் மீது கொதிநீரை ஊற்றி அருந்துகின்றனர். அது சற்றே மணமுள்ளது, கசப்பானது. ஊர்தோறும் பெரும் விலைக்கு விற்கிறது. உப்பைப் போலவே இதன் வருவாயும் அரசருக்கு உரியது. இது ஒன்று. சீனத்தார் ஒருவகை நயமான களிமண்ணால் கிண்ணங்கள் செய்கின்றனர். அவை கண்ணாடி போல் மெல்லியவை. உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும். இது மற்றொன்று. தேயிலை, பீங்கான் ஆகிய இரண்டையும் பற்றிச் சீனத்திற்கு மேற்கே எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன.

இந்நூலின் கூற்றுக்குக் கடலே சாட்சி பகர்ந்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிக் கிடந்த ஒரு மரக்கலம் கண்டறியப்பட்டது. இரும்பு ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் அரபிக்கடல் முறையில் அமைந்த கலம் அது. அதில் ஏறத்தாழ 60,000 சீன மட்கலங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குரிய ஆண்டுக் குறிப்பு காணப்பட்டது. வேறொரு கிண்ணத்தில், தேநீர்க் கிண்ணம் என்றே சீன எழுத்தில் தீட்டப்பட்டிருந்தது. அப்பொருள்களுட் பெரும்பகுதி இன்று சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் உள்ளது.

தேநீர்க் கிண்ணம் இருந்தது. ஆனால் இலையை ஊறவைத்து வடிக்கும் கெண்டி என ஒன்று அக்காலத்துச் சீனத்தில் இல்லை. அதன் காரணத்தை இனிக் காண்போம்.

ஓர் அரசாணையும் ஒரு கலமும்

தாங் பேரரசின் காலத்தில் தேயிலையை ஆவியில் அவித்து, இடித்து, அடையாகத் தட்டி உலர்த்தி வைப்பர். வேண்டும்போது அவ்வடையை நெருப்பில் வாட்டிப் பொடித்து, கொதிக்கும் நீரிலிட்டுச் சிறிது உப்பும் சேர்ப்பர். எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே தனி நூல் இயற்றிய லூ யூ என்பார் இம்முறையை விரிவாகக் கூறியுள்ளார். எவ்வூர்க் கிண்ணம் தேநீரின் நிறத்தை எடுத்துக்காட்டும் என்றுகூட அவர் ஆராய்ந்தார். யுவே நாட்டுப் பசுமை நிறக் கிண்ணத்திற்கே அவர் முதலிடம் தந்தார்.

அடுத்து வந்த சோங் பேரரசின் காலத்தில் முறை மாறிற்று. தேயிலைப் பொடியைக் கிண்ணத்திலேயே இட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் கடைந்து நுரை எழுப்பினர். அந்நுரை வெண்மையானது. வெண்மை தெளிவாகத் தோன்ற வேண்டுமாயின் கிண்ணம் கருமையாக இருத்தல் வேண்டும். எனவே ஃபூஜியன் பகுதியின் கரிய கிண்ணங்களுக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

1391இல் மிங் பேரரசை நிறுவிய ஹோங்வூ ஓர் ஆணை பிறப்பித்தார். ஏழைக் குடியிற் பிறந்து, பசியும் பஞ்சமும் கண்டு, பின் அரியணை ஏறியவர் அவர். அரசவைக்குத் திறையாகச் செலுத்தும் தேயிலை அடைகளைச் செய்ய மக்கள் படும் பாடு மிகுதி எனக் கருதி, இனி அடை வேண்டா, உதிர் இலையாகவே செலுத்துக என்றார். அரசர் அருந்தும் முறையை நாடும் பின்பற்றியது. பொடித்தலும் கடைதலும் மறைந்து, இலையை வெந்நீரில் ஊறவைத்து வடித்து அருந்தும் முறை நிலைபெற்றது.

இலை ஊற வேண்டுமாயின் வெப்பம் வெளியேறாதிருக்க மூடி வேண்டும். இலையைத் தடுத்துச் சாற்றை மட்டும் விட மூக்கு வேண்டும். சுடாமல் தூக்கக் கைப்பிடி வேண்டும். இம்மூன்றும் கூடியதே தேநீர்க் கெண்டி. கடைந்த நுரைக்கு ஏற்ற கருங்கிண்ணம் பின்னடைந்து, வடித்த சாற்றின் பொன்னிறத்தைக் காட்டும் வெண்பீங்கான் கோப்பை முன்வந்தது. குடிமக்களின் சுமையைக் குறைக்கப் பிறந்த ஓர் ஆணையிலிருந்தே இன்று உலகெங்கும் புழங்கும் இக்கலம் உருவாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

தொடக்கத்தில் புகழ்பெற்றவை யீஷிங் என்னும் ஊரின் செம்மண், ஊதாமண் கெண்டிகளே. நான்ஜிங் நகருக்கருகே 1533இல் அடக்கம் செய்யப்பட்ட வூ ஜிங் என்னும் அரண்மனை அலுவலரின் கல்லறையில் கிடைத்த கெண்டியே காலம் உறுதியாக அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது. மெருகு பூசப்படாத அவ்வகைக் கெண்டி தேநீரின் மணத்தைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் ஒருவகைத் தேயிலைக்கு ஒரு கெண்டி என வைத்திருப்பர். பீங்கானோ எதனையும் உறிஞ்சாது. கழுவினால் மணமும் கறையும் போய்விடும். எந்தத் தேயிலைக்கும் ஏற்றது. இதனாலேயே பின்னாளில் உலகச் சந்தையைப் பீங்கான் கெண்டி வென்றது.

எழுபது கைகள்

பீங்கானின் தாயகம் ஜிங்டெஜென் என்னும் நகர். அதனருகே காவ்லிங் என்னும் மேட்டிலிருந்து எடுத்த வெண்களிமண்ணே இன்று உலகெங்கும் கயோலின் என வழங்குகின்றது. அக்களிமண்ணோடு ஒருவகைக் கல்லை இடித்துப் பொடித்த மாவைச் சேர்த்துப் பிசைவர். ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுடும்போது கல் உருகிக் கண்ணாடித் தன்மை அடைய, களிமண் உருக்குலையாது தாங்கிநிற்கும். இரண்டும் ஒன்றிய அவ்வுடல் தட்டினால் மணி போல் ஒலிக்கும்.

கெண்டி செய்வது கிண்ணம் செய்வது போன்றதன்று. வயிற்றைத் திகிரியில் வனைந்து, மூக்கையும் கைப்பிடியையும் தனியே செய்து, குழைத்த மண்கூழால் ஒட்டவேண்டும். மூக்கு சேரும் இடத்தில் இலை புகாதவாறு சிறு துளைகள் இடவேண்டும். மூடியில் காற்று நுழைய ஒரு நுண்துளை வேண்டும். அஃது இல்லையேல் சாறு சீராக வீழாது. சூட்டில் எல்லாம் ஒரே அளவாகச் சுருங்க வேண்டும். இன்றேல் மூடி பொருந்தாது. 1712இல் அந்நகரிலிருந்து மடல் எழுதிய தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு பீங்கான் கலம் முற்றுப்பெறுமுன் எழுபது தொழிலாளர் கைகளைக் கடக்கும் எனக் குறித்துள்ளார். கலத்தின் அடியில் அரசரின் ஆட்சிப் பெயர் இருக்கும். அந்த எழுபது பேரின் பெயர் இருக்காது.

நீலம் வந்த வழி

சீனப் பீங்கான் என்றவுடன் நம் கண்முன் நிற்பது வெண்மையில் ஓடும் நீலம். அந்நீலம் சீனத்தின் தனியுடைமை என்றே நாமும் எண்ணியிருந்தோம். வரலாறு வேறு கூறுகின்றது.

ஒன்பதாம் நூற்றாண்டில் சீன வெண்கலங்களைக் கண்டு வியந்த பஸரா நகரக் குயவர்கள் அவற்றைப் போலச் செய்ய முயன்றனர். அவர்கள் மண்ணில் அவ்வெண்மை அமையாமையால், வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி வெண்மையாக்கினர். அதன்மேல் கோபால்ட் என்னும் கனிமத்தால் நீலச் சித்திரம் தீட்டினர். இவ்வழகு சீனத்தையும் எட்டியது. பெலிதுங் கலத்தில் கிடைத்த மூன்று நீலவெண் தட்டுகள் சீனத்தில் செய்யப்பட்டவை. ஆயினும் அவற்றின் கோலம் மேற்காசியச் சுவையைக் காட்டுகின்றது.

அந்த நீலக் கனிமம் பாரசீகத்தில் காஷானுக்கு அருகிலுள்ள கம்ஸரில் கிடைத்தது. காஷான் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காஸிம், 1301இல் எழுதிய தம் குறிப்பில் இதனைக் கூறியுள்ளார். மங்கோலியர் ஆட்சியில் வணிகப் பாதைகள் ஒன்றுபட்டபோது இக்கனிமம் ஜிங்டெஜென் சூளைகளை அடைந்தது. கொடிய வெப்பத்திலும் நிறம் மாறாதது கோபால்ட். பீங்கானும் பாரசீக நீலமும் இணைந்த அப்புதுமை முதிர்ந்த நிலையை 1351ஆம் ஆண்டு பொறித்த இரு பெரும் சாடிகளில் காணலாம். அவை இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் சீனர் ஒருவகை நீலத்தை ‘ஹுய் சிங்’ என்றனர். முஸ்லிம் நீலம் என்பது அதன் பொருள். ஜெங்தே பேரரசரின் காலத்தில், அதாவது 1506 முதல் 1521 வரை, அரபு, பாரசீக எழுத்துகள் பொறித்த பீங்கான்கள் அரச சூளைகளிலேயே செய்யப்பட்டன.

1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பற் படையோடு இந்துமாக்கடலைக் கடந்த செங் ஹோ, யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கையின் காலி நகரில் கிடைத்த, 1409ஆம் ஆண்டுக்குரிய அவர்தம் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் இடம்பெற்றுள்ளன. இக்கடலில் வாணிகம் செய்தோர் எவர் எவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அவருடன் சென்ற முஸ்லிம் மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், ஜாவா மக்கள் நீலச் சித்திரப் பீங்கானைப் பெரிதும் விரும்புவதைப் பதிவு செய்துள்ளார். நம் இராமநாதபுரக் கடற்கரையின் பெரியபட்டினத்தில் 1980களில் அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன மட்கலத் துண்டுகள் பல வெளிப்பட்டன.

சீனத்து ஹுய் முஸ்லிம்கள் இன்றும் மூடி, கிண்ணம், தட்டு என மூன்று உறுப்புடைய பீங்கான் கலத்தில் தேயிலையோடு சீனக் கற்கண்டு, இலந்தை, உலர்திராட்சை, எள் முதலியன சேர்த்து விருந்தினர்க்கு அளிக்கின்றனர். ஈரானில் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் நகரத்துத் தர்காவிற்கு 1,162 சீனப் பீங்கான்களை வக்ஃபு செய்தார். துருக்கியின் தோப்காப்பி அரண்மனையில் 10,000க்கு மேற்பட்ட சீனக் கலங்கள் இன்றும் உள்ளன.

இவ்வுறவு எக்காலமும் இனிமையாகவே இருந்ததென்று கூறுவதற்கில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கான்ஃபூ நகரைக் கைப்பற்றிய கிளர்ச்சிப் படையினர் அயல்நாட்டு வணிகர் பெருந்தொகையினரைக் கொன்றதை அரபு நூலாசிரியர் அபூ ஸைத் எழுதிவைத்துள்ளார். எனினும் காயம் ஆறியபின் மரக்கலங்கள் மீண்டும் சென்றன. வாணிகம் தொடர்ந்தது.

தாகம் தந்த துயரம்

ஐரோப்பியர்க்குத் தேயிலையைப் பற்றி அச்சு நூல் வாயிலாக முதலில் அறிவித்தவர் வெனிஸ் நகரத்து ரமூஸியோ. 1559இல் வெளிவந்த அவர்தம் நூலில், ஹாஜி முஹம்மத் என்னும் பாரசீக வணிகர் வாயிலாகக் கேட்ட செய்தி அது. 1610இல் டச்சுக்காரர் ஆம்ஸ்டர்டாமிற்குத் தேயிலையைக் கொண்டு சேர்த்தனர். தேயிலையோடு அதனை வடிக்கும் கலமும் தேவைப்பட்டது. கொதிநீரைத் தாங்கும் பீங்கானைச் செய்யும் வித்தை அன்று ஐரோப்பாவில் இல்லை. 1710இல் ஜெர்மனியின் மைஸன் நகரில் தொழிற்சாலை தோன்றும்வரை சீனத்தையே அவர்கள் நம்பியிருந்தனர்.

அவ்வாணிகத்தின் அளவை அறிய ஒரு கப்பல் போதும். டச்சுக் கம்பெனியின் ‘கெல்டர்மால்ஸன்’ 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. அதில் ஏறத்தாழ 6,87,000 ராத்தல் தேயிலை இருந்தது. சரக்குப் பட்டியலில் 63,623 தேநீர்க் கோப்பைகள் தட்டுகளோடும், 578 தேநீர்க் கெண்டிகளும் குறிக்கப்பட்டிருந்தன. மாலுமிகளில் 32 பேரே உயிர் தப்பினர். 1985இல் அக்கப்பலைக் கண்டுபிடித்தோர் ஏறத்தாழ 1,50,000 பீங்கான்களை மீட்டு, 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டனர். இறந்தோரை நினைத்தவர் சிலர். விலையைக் கேட்டவர் பலர்.

இங்கிலாந்தின் தாகமோ கட்டுக்கடங்காததாயிற்று. தேயிலைக்கு ஈடாகச் சீனர் வெள்ளியையே கேட்டனர். வெள்ளி கரைவதைப் பொறாத ஆங்கிலேயர், வங்கத்தில் விளைந்த அபினைச் சீனத்தில் கள்ளத்தனமாக விற்று அந்த வெள்ளியை மீட்டனர். 1839இல் லின் ட்ஸெஷு என்னும் ஆணையர் 20,000க்கு மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறித்து அழித்தார். மூண்ட போரில் சீனம் தோற்று, 1842இல் ஹாங்காங்கை இழந்தது. பின்னர் ராபர்ட் ஃபார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் மாறுவேடத்தில் சீனத்தினுட் சென்று தேயிலைச் செடிகளையும் தொழில் தெரிந்தோரையும் இந்தியாவிற்குக் கொணர்ந்தார். 1867இல் இலங்கை மலைநாட்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அம்மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய கைகள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழை மக்களின் கைகள். அக்கோப்பையின் சுவையில் அவர்தம் வியர்வையும் உண்டு என்பதை மறத்தலாகாது.

நம் கடமை

கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பொருளீட்டச் சென்ற நம் முன்னோர் கொண்டுவந்த பீங்கான்கள் இன்னும் சில இல்லங்களில் உள்ளன. சில உடைந்து குப்பை சேர்ந்தன. சில எடைக்கு எடை பேசி விற்கப்பட்டன. எஞ்சியவற்றையேனும் பார்க்கக் கற்போம். கலத்தைக் கவிழ்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். மெருகு படாத வெறும் உடலின் தன்மை அங்கேதான் புலப்படும். அடியில் நான்கு அல்லது ஆறு சீன எழுத்துகள் இருப்பின் அஃது அரசரின் ஆட்சிப் பெயராகலாம். ஆனால் அதனை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்யலாகாது. முன்னோரை மதிக்கும் பொருட்டும், விலை கூட்டும் பொருட்டும் பழைய அரசர் பெயரைப் பிற்காலத்தார் பொறிப்பது சீனத்தில் வழக்கம். மூக்கின் உட்புறத் துளைகளைப் பாருங்கள். கைப்பிடி ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். சீன எழுத்து சொல்லாததை அவர் சொல்லக்கூடும்.

எம் இல்லத்துக் கெண்டி அரண்மனைப் பொருளன்று. எளிய வீடுகளுக்கெனச் செய்து கடல்வழி அனுப்பிய பல்லாயிரங்களுள் ஒன்றாகவே அது தோன்றுகின்றது. அதனை நாம் விற்கவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கும் பெரியம்மாவிடம் சென்று அமர்ந்து கேட்டோம். கொண்டுவந்தவர் பெயர், அவர் கப்பலேறிய துறை, நோன்புப் பெருநாளன்று மட்டும் அக்கெண்டி அலமாரியை விட்டு வெளிவரும் என்னும் செய்தி, மூடியை உடைத்த குழந்தை யார் என்பது வரை அவர் சொன்னார். உடைத்தவர் தாமே என்று சொல்லிச் சிரித்தார். அவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மடித்து, அக்கெண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். நமக்குப் பின் அதன் மூடியைத் திறப்போருக்கு வெறும் கலம் கிடைக்காது.